கேள்வி கேட்கச் சொல்லித் தரும் வேதப் படிப்பு!

செருப்பு தைத்தவர் நிறுவிய கல்லூரி – டென்மார்க் ராஜா கொடுத்த உரிமை – ஓர் எழுத்துக்காக நடந்த சண்டை

டாக்டராக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். வக்கீலாக வேண்டுமானால் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்தவப் பாதிரியார் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?

"பைபிளை நன்றாகப் படித்தால் போதாதா?" என்று பலர் நினைக்கிறார்கள். போதாது! அதற்கும் கல்லூரி உண்டு. பாடத் திட்டம் உண்டு. பரீட்சை உண்டு. பரீட்சையில் தோற்றுப்போகிறவர்களும் உண்டு!

அந்தப் படிப்புக்குத் தமிழில் "இறையியல்" என்று பெயர். "தேவ சாஸ்திரம்" என்றும் சொல்வார்கள். கத்தோலிக்கக் குருக்கள் இதைக் குருமடங்களில் படிக்கிறார்கள். மற்றத் திருச்சபைகளைச் சேர்ந்த பலர் இறையியல் கல்லூரிகளில் சேர்ந்து "பி.டி." பட்டம் பெறுகிறார்கள். பி.டி. என்றால் "பாச்சிலர் ஆப் டிவினிட்டி".

இந்தப் படிப்பில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. "நம்பு, கேள்வி கேட்காதே" என்று அங்கே சொல்லித் தருவது இல்லை. எப்படிக் கேள்வி கேட்பது என்றுதான் முதலில் சொல்லித் தருகிறார்கள்.

செருப்பு தைத்தவர்

இந்தியாவில் இந்தப் படிப்பு வளர்ந்த கதையே ஒரு சுவையான கதை.

இங்கிலாந்தில் 1761-ம் ஆண்டு வில்லியம் கேரி பிறந்தார். ஏழைக் குடும்பம். இளம் வயதில் செருப்பு தைக்கும் தொழிலுக்குப் போனார். கல்லூரிக்குப் போய்ப் படித்தவர் அல்ல. தொழில் செய்துகொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1793-ம் ஆண்டு கேரி வங்காளத்துக்கு வந்தார். பிறகு கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி நதிக் கரையில் உள்ள செராம்பூரில் குடியேறினார். அந்த ஊர் அப்போது ஆங்கிலேயர் கையில் இல்லை. டென்மார்க் நாட்டின் ஆட்சியில் இருந்தது. நமது தரங்கம்பாடியைப் போல!

அங்கே ஜோஷுவா மார்ஷ்மன் என்ற பள்ளி ஆசிரியரும், வில்லியம் வார்டு என்ற அச்சுத் தொழிலாளரும் அவருடன் சேர்ந்தார்கள். மூன்று பேரும் 1818-ம் ஆண்டு ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். எந்த மதத்தைச் சேர்ந்தவரும், எந்த ஜாதியைச் சேர்ந்தவரும் அதில் சேரலாம் என்று அறிவித்தார்கள்.

கல்லூரி இருந்தால் போதுமா? பட்டம் கொடுக்க அதிகாரம் வேண்டாமா?

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தன. அரசாங்கத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையைச் சேராதவர்களுக்கு அங்கே பட்டம் கிடையாது. கேரியும் அவருடைய நண்பர்களும் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர்கள். சொந்த நாட்டில் அவர்களுக்குப் பட்டம் வாங்கவே வழி இல்லை!

மார்ஷ்மன் டென்மார்க்குக்குப் போனார். ராஜா 6-ம் பிரடெரிக்கிடம் விண்ணப்பம் செய்தார். 1827-ம் ஆண்டு ராஜாவின் சாசனம் கிடைத்தது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் செராம்பூர் கல்லூரிக்கு வந்தது.

1845-ம் ஆண்டு செராம்பூரையும் தரங்கம்பாடியையும் டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. ஆனால் கல்லூரியின் உரிமை போகவில்லை. அதைக் காப்பாற்றும் விதமாகவே ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அப்படியும் முதல் பி.டி. பட்டங்கள் 1915-ம் ஆண்டில்தான் வழங்கப்பட்டன. சாசனம் கிடைத்து 88 ஆண்டுகள் ஆன பிறகு! 1918-ல் வங்காளச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. "செராம்பூர் செனட்" என்ற அமைப்பு வலுப்பெற்றது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்த செனட்டோடு இணைந்திருக்கின்றன. மதுரை அரசரடியில் 1969-ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அவற்றில் ஒன்று.

என்ன பாடம்?

முதலில் மொழி. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. எபிரேயத்தில் 22 எழுத்துக்கள். வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கமாக எழுத வேண்டும். கிரேக்கத்தில் 24 எழுத்துக்கள். பட்டதாரி மாணவர்கூட மறுபடியும் அரிச்சுவடி மாணவர் ஆகிவிடுகிறார்!

எதற்காக இந்தச் சிரமம்? தமிழ் பைபிள்தான் இருக்கிறதே?

ஓர் உதாரணம் பார்க்கலாம். எபிரேயத்தில் "ரூவாக்" என்று ஒரு சொல் உண்டு. காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஒரு வசனத்தில் அந்தச் சொல் வந்தால், மொழிபெயர்ப்பவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாசகருக்கு ஒன்றுதான் கிடைக்கும். மற்ற இரண்டும் மறைந்துவிடும்.

தமிழருக்கு இது எளிதில் விளங்கும். இட்டிலிப் பானையில் எழும்புவதும் ஆவிதான். உடலை விட்டுப் பிரிவதும் ஆவிதான். எந்த இடத்தில் எந்த ஆவி என்று நாம் இடம் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? மூல மொழி தெரிந்தவர், மொழிபெயர்ப்பில் மறைந்துபோன பொருளையும் பார்க்க முடியும்.

மொழிக்குப் பிறகு மற்றப் பாடங்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கொள்கை விளக்கம், ஒழுக்கவியல், பிற மதங்கள் என்று வரிசையாக வருகின்றன. பிரசங்கம் செய்வது எப்படி, நோயாளியைச் சந்திப்பது எப்படி என்பதற்கும் பாடம் உண்டு.

நால்வர் சொன்ன வரலாறு

இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் சுவிசேஷங்கள் நான்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். சிறு வயது முதல் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதைதான். அதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?

ஆசிரியர் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறார்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களும் வருவார்கள், சாஸ்திரிகளும் வருவார்கள். ஒரே மேடையில் சேர்ந்து நிற்பார்கள். ஆனால் சாஸ்திரிகள் மத்தேயுவில் மட்டும்தான் வருகிறார்கள். மேய்ப்பர்கள் லூக்காவில் மட்டும்தான் வருகிறார்கள். மாற்குவில் இயேசுவின் பிறப்பே இல்லை. வளர்ந்து, ஞானஸ்நானம் பெறும் இடத்தில்தான் இயேசு வருகிறார்!

மற்றொன்று. ஏழைகள் பாக்கியவான்கள் என்று இயேசு போதித்தார். மத்தேயுவில் அது மனத்தின் எளிமையைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. லூக்காவில் அப்படி இல்லை. உண்மையாகவே கையில் காசு இல்லாத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அடுத்தாற்போல் பணக்காரர்களுக்கு எச்சரிக்கையும் வருகிறது.

இரண்டில் எதைப் பிரசங்கம் செய்வது? கூலி வேலை செய்கிறவர்கள் நிறைந்த கோயிலில் எப்படிச் சொல்வது? வசதி உள்ளவர்கள் நிறைந்த கோயிலில் எப்படிச் சொல்வது? மாணவர் இதை யோசித்தாக வேண்டும்.

மாற்குதான் நான்கில் முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மத்தேயுவும் லூக்காவும் அதைப் பார்த்து, தம் தம் மக்களுக்கு ஏற்ப விரித்து எழுதினார்கள் என்கிறார்கள். அதற்கான ஆதாரங்களை மாணவர் தாமே வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கையெழுத்துப் பிரதிகள்

அச்சு யந்திரம் வருவதற்கு முன் எல்லாம் கையெழுத்துதான். நம் ஓலைச்சுவடிகளைப் போல, ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதினார். எழுதும்போது ஒரு வரி விட்டுப்போகும். சில சமயம் ஒரு வரி கூடிவிடும்.

மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் 16-வது அதிகாரம். அதில் 20 வசனங்கள் உண்டு. ஆனால் மிகப் பழைய முழுப் பிரதிகள் 8-வது வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்து ஓடுகிறார்கள். அதோடு சரி!

மீதி 12 வசனங்கள்? அவை பின்னால் சேர்க்கப்பட்டவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. புதிய பதிப்புகள் பலவற்றில் இதைக் குறிப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் சில மாணவர்களுக்குத் தூக்கம் போய்விடும். "அப்படியானால் மற்றதையெல்லாம் எப்படி நம்புவது?" என்ற பயம் வரும்.

அதற்குப் பதிலும் அதே வகுப்பில்தான் கிடைக்கிறது. 1947-ம் ஆண்டு வாக்கில் சாக்கடலுக்கு அருகே ஒரு குகையில், ஆடு மேய்ப்பவர்கள் சில பழைய தோல் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் முழுவதும் இருந்தது. அதுவரை கிடைத்திருந்த எபிரேயப் பிரதிகளைவிட அது சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்து வேறுபாடுகளும் சில சொல் வேறுபாடுகளும் நிறைய இருந்தன. ஆனால் நூல் அதே நூல்தான்! ஆயிரம் ஆண்டுகளாகப் பிரதி எடுத்தவர்கள் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்.

சந்தேகத்தை எழுப்பியதும் ஆராய்ச்சிதான். எதை நம்பலாம் என்று காட்டியதும் ஆராய்ச்சிதான்.

ஓர் எழுத்துச் சண்டை

திருச்சபை வரலாற்று வகுப்பில் நடக்கும் பாடம் இன்னும் விறுவிறுப்பானது.

எகிப்தில் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குரு இருந்தார். "இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர். ஆகவே கடவுளுக்குச் சமமானவர் அல்ல" என்பது அவர் கொள்கை. சபைகளில் பெரும் பிளவு ஏற்பட்டது. ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் பிஷப்புகளை நைசீயா என்ற ஊருக்கு அழைத்தார். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள ஊர் அது. ஆண்டு 325.

தந்தையும் மகனும் ஒரே தன்மை உடையவர்கள் என்று மாநாடு முடிவு செய்தது. ஆனாலும் சண்டை ஓயவில்லை. "ஒரே தன்மை" என்பதற்குக் கிரேக்கத்தில் "ஹோமோஊசியோஸ்". "ஒத்த தன்மை" என்பதற்கு "ஹோமோயூசியோஸ்". கிரேக்க எழுத்தில் "அயோட்டா" என்ற ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்! அந்த ஓர் எழுத்துக்காகப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. நைசீயா முடிவுக்காகப் போராடிய அத்தனாசியுஸ் என்ற பிஷப் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்.

"ஓர் எழுத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று தோன்றும். ஆனால் கேள்வி பெரியது. சிலுவையில் பாடுபட்டது கடவுளேதானா? அல்லது கடவுள் அனுப்பிய ஒரு சிருஷ்டியா? இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்து மதமே மாறிவிடும். பரீட்சையில் இந்த இரண்டு கட்சியையும் எழுத வேண்டும். தோற்ற கட்சியின் நியாயத்தையும் எழுத வேண்டும்.

எதிராளியின் வாதம் முதலில்

இந்தப் பழக்கம் இன்று வந்தது அல்ல. 13-ம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் அக்குவினாஸ் என்ற துறவி பாடம் சொன்னார். அவர் எழுதிய பெரிய நூலில் ஒரு முறையைக் கையாண்டார். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வார். தமக்கு எதிரான வாதங்களை முதலில் வரிசையாக எழுதுவார். பிறகுதான் தம் பதிலைச் சொல்வார். "கடவுள் உண்டா?" என்ற கேள்விக்கும் அப்படியே. "உலகத்தில் இவ்வளவு தீமை இருக்கும்போது கடவுள் எப்படி இருக்க முடியும்?" என்ற வாதத்தை அவரே முதலில் எடுத்து வைக்கிறார்!

அந்த நூலை அவர் முடிக்கவில்லை. 1273-ம் ஆண்டுக் கடைசியில் திடீரென்று எழுதுவதை நிறுத்தினார். எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தோன்றுகிறது என்று நண்பரிடம் சொன்னாராம். அடுத்த ஆண்டு காலமானார். படிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு இறையியல் மாணவர்கள் இந்தச் சம்பவத்தைக் கேட்டு அறிகிறார்கள்.

கடவுளுக்கு எந்தச் சொல்?

தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கடவுளைத் தமிழில் என்னவென்று அழைப்பது?

1706-ம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர் அவர். தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டார். அவருக்குப் பின் வந்த பப்ரிசியுஸ் தம் மொழிபெயர்ப்பில் "பராபரன்" என்றார். 1871-ம் ஆண்டு பவர் ஐயர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பு "தேவன்" என்றது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் "கடவுள்" என்ற சொல் இருக்கிறது.

வடமொழிச் சொல்லா, தமிழ்ச் சொல்லா? பிற மதத்தினரும் வழங்கும் சொல்லைக் கொள்ளலாமா, கூடாதா? ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு கட்சி உண்டு. தாத்தா காலத்தில் ஜெபித்த சொல்லை மாற்றினால் வீட்டில் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? இறையியல் புத்தகத்தோடு நிற்பது இல்லை. சமையல் அறை வரை வந்துவிடுகிறது!

சீகன்பால்கு இன்னொன்றும் செய்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி மக்களிடம் கேட்டறிந்து, 1713-ல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிட மனம் இல்லை. மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சாயிற்று. 150 ஆண்டுகளுக்குப் பிறகு!

இன்றோ செராம்பூர் பாடத் திட்டத்தில் பிற மதங்களைப் பற்றிய படிப்பும் ஒரு பகுதி. நம் நாட்டவரின் சிந்தனைகளையும் படிக்கிறார்கள். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்தவர். யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கத்தோடு வைத்து ஆராய்ந்தார். பின்பு கோயம்புத்தூர் பிஷப் ஆனார். சென்னையில் தொழிற்சங்கத் தலைவராகவும் மேயராகவும் இருந்த வி. சக்கரை, இயேசுவை அவதாரம் என்ற கருத்தோடு இணைத்து 1926-ல் ஒரு நூல் எழுதினார். இவற்றை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. மறுத்தவர்களும் உண்டு.

யார் படிக்கிறார்கள்?

பாதிரியார் ஆக விரும்பும் வாலிபர்கள் மட்டும் அல்ல. பெண்களும் படிக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்களுக்கும் குருப் பட்டம் கொடுக்கப்படுகிறது. 2013-ல் ஆந்திராவில் நந்தியால் பிஷப்பாக ஒரு பெண்மணி, புஷ்பா லலிதா, பதவி ஏற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத்தை ஆராய ஒரு தனித் துறையே இருக்கிறது. குருவாக வேண்டும் என்ற நோக்கம் இல்லாதவர்களும் அங்கே படிக்கலாம்.

நம்பிக்கை போய்விடுமா?

மகனை இந்தப் படிப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. "இவ்வளவு கேள்வி கேட்டால், இருக்கிற நம்பிக்கையும் போய்விடுமே!"

சிலருக்குப் போய்விடுகிறது என்பது உண்மைதான். பலருக்கு முதல் ஆண்டு கஷ்டமாகவே இருக்கிறது. சிறு வயதில் கட்டிய வீடு ஆடுவதைப் போல் தோன்றும். ஆனால் கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும்? கேள்வி அங்கே காத்துக்கொண்டிருக்கும்!

குழந்தையைப் பறிகொடுத்த தாய், "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கேட்பாள். பயிர் கருகிய விவசாயி கேட்பான். அவர்களிடம் மனப்பாடமான பதிலைச் சொன்னால், புண்ணில் உப்புத் தடவுவது போல் ஆகிவிடும்.

பழைய ஏற்பாட்டில் யோபு என்று ஒரு நூல் உண்டு. இறையியல் மாணவர்கள் அதைத் தவறாமல் படிக்கிறார்கள். யோபு நல்லவர். சொத்தை இழந்தார். பிள்ளைகளை இழந்தார். உடல் எல்லாம் புண். நண்பர்கள் வந்தார்கள். "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று ஆளுக்கு ஆள் விளக்கம் சொன்னார்கள். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளிடமே வழக்காடினார்.

நூலின் முடிவில் கடவுள் யாரைக் கோபித்தார் தெரியுமா? விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான்! "யோபுவைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை" என்ற கருத்தில் அவர்களைக் கண்டித்தார்.

அந்த நண்பர்கள் வந்தவுடனே பேசிவிடவில்லை. முதலில் ஏழு நாள் யோபுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பரீட்சை எழுதி, பட்டம் வாங்கிய பிறகு, துக்க வீட்டில் எப்போது பேசாமல் உட்கார வேண்டும் என்பதையும் ஒரு போதகர் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.